ஆறு இலக்கம்

ஊத்தான் மெலிந்தாங்கில் மழை பெய்தால்
கோலாலம்பூரில் ஒரு மேசைக்குத் தெரியும்.
இருபத்தேழாவது மாடி. நான் போனதில்லை.
அங்கே ஒரு திரையில் எங்கள் தோட்டம்
பச்சையாகவோ மஞ்சளாகவோ சிவப்பாகவோ இருக்குமாம்.
இங்கே எப்போதும் சேற்று நிறம்.

நான் மங்களநாயகி, இரண்டாம் டிவிஷன் கிராணி.
குலை எண்ணுவேன், உரமூட்டை எண்ணுவேன்,
ஒரு பெட்டி சாணைக்கல் வாங்க
நான்கு கையொப்பம் கேட்பேன்.
மூன்றாம் கையொப்பக்காரி பிள்ளை பெறப் போன மாதம்
அரிவாள்கள் மொண்ணையாகவே வேலைக்குப் போயின.

முன்பு இப்படி இல்லை.
முன்பு நன்றாகவும் இல்லை, அதையும் சொல்ல வேண்டும்.
மதகுச் சாவி அந்தந்த டிவிஷன் இடுப்பில் தொங்கிய காலம்.
முதலாம் டிவிஷன் மண்டோர் அந்தோணிராஜ்
தன் காட்டுத் தண்ணீரை இரவோடிரவாகத் திறந்துவிட்டான்.
பெரிய கால்வாய் நிரம்பி, தாழ்ந்த பக்கம் தேடி,
மூன்றாம் டிவிஷன் வீடுகளில் ஏறியது.
மெத்தைகள், ஒரு தையல் மெஷின்,
யாரோ ஒரு பையனின் எஸ்.பி.எம். சான்றிதழ்
வேலிக் கம்பியில் ஒரு வாரம் காய்ந்தன.
"என் கதவு, என் முடிவு" என்றானாம் விசாரணையில்.
அந்த வருடம் விளைச்சல் போனஸ் அவன் டிவிஷனுக்கு.

பிறகுதான் சாவிகள் போயின. மோட்டார் வந்தது.
மோட்டாரை எழுப்ப ஆறு இலக்கம்.
அது கோலாலம்பூரில் பிறந்து
மேனேஜர் கைப்பேசிக்கு வந்து
பத்து நிமிடம் உயிரோடிருக்கும்.

நவம்பர். மூன்று நாள் அடைமழை.
சுவரில் அலைநேர அட்டவணை:
கடல் இறங்கி முடிவது அதிகாலை நான்கு ஐம்பது.
இரவு ஒன்பதுக்கு விண்ணப்பம் அனுப்பினேன்.
பன்னிரண்டுக்கு இன்னொன்று.
'உங்கள் கோரிக்கை வரிசையில் உள்ளது.'
கடல் வரிசையில் நிற்கவில்லை.

மேனேஜர் சுல்கிப்ளி ஈப்போவில், மகளின் நிச்சயத்துக்கு.
மூன்று மணிக்கும் போனை எடுத்தார், பாவம்.
"இலக்கம் வந்ததும் தருகிறேன்."
"வராவிட்டால்?"
சற்று நேரம் அவர் பக்கமும் மழை மட்டும்.
"நான் தூங்கிவிட்டேன் என்று வைத்துக்கொள்" என்றார்.

மோட்டாருக்கு அடியில் பழைய கைச்சக்கரம் இருக்கிறது.
அதைக் கழற்ற அனுமதி கேட்டு
ஐந்து வருடம் முன் நானே எழுதிய விண்ணப்பம்
இன்னும் நிலுவையில்.

ரஃபீக்குல் கிரீஸ் டப்பாவோடு வந்தான்.
சக்கரத்தில் கை வைத்தேன், அந்தோணிராஜ் ஞாபகம் வந்தது,
எடுத்துவிட்டேன்.
மூன்றாம் டிவிஷன் லெட்சுமிகாந்தனை எழுப்பினேன்.
"உன் பக்கம் எவ்வளவு?"
"கணுக்கால். என்னுடையது முதலில் வடியட்டும், பொறு."
"எவ்வளவு நேரம்?"
"தண்ணீரைக் கேள். நாற்பது நிமிடம் இருக்கும்."

நாற்பது நிமிடம் என் செம்பனைக் கன்றுகள்
கழுத்தளவு தண்ணீரில் நின்றன.
டார்ச் அடித்து எண்ணிக்கொண்டிருந்தேன்.
வேறென்ன செய்வது, எண்ணுவதுதானே என் வேலை.
நான்கு இருபதுக்கு ஒரு செய்தி: திற.
இரண்டே எழுத்து. இலக்கம் இல்லை.

மாறி மாறிச் சுற்றினோம்.
முதல் பதினொரு சுற்றுக்கு ஒன்றும் நகரவில்லை.
பிறகு இரும்பு முனகியது,
பிறகு தண்ணீர், கறுப்பாக, மட்டைகளோடும்
யாரோ தொலைத்த ஒற்றைச் செருப்போடும் கடலுக்குப் போயிற்று.

ஆறு பத்துக்கு ஆறு இலக்கமும் வந்து சேர்ந்தது.
கடல் திரும்பி வந்துகொண்டிருந்தது.

காலையில் ஒரு படிவம்.
முடிவெடுத்தவர்: தலைமையகம். மேனேஜர்.
அம்புக்குறியை இழுத்து இழுத்துப் பார்த்தேன், அவ்வளவுதான்.
இறந்த கன்று முப்பத்தொன்று. அதற்குக் கட்டம் இருந்தது.
லெட்சுமிகாந்தன் பொறு என்றதற்கு இல்லை.

முடிக்காமல் வைத்துவிட்டு
பசாருக்கு ரொட்டி சானாய் சாப்பிடப் போனோம்.
திரையில் நாங்கள் பச்சையாகிவிட்டோம் என்று
யாரோ போனில் வாழ்த்தினார்கள்.
ரஃபீக்குல் தே தாரிக் குவளையை
இடக்கையால் பிடித்திருந்தான்.
வலக்கையில் கொப்புளம்.