பொட்டு வைத்த வரைபடம்

கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை.
யார் பேசினார், என்ன கேட்டார்,
பதில் எத்தனை வரி.
பெருமூச்சுக்குப் படிவத்தில் இடம் கிடையாது.

ஃப்ரீஸ்லாந்து. மார்ச் மாதத்துச் செவ்வாய்.
விளையாட்டுக் கூடத்தில்
கூடைப்பந்துக் கோடுகளின் மேல் எழுபது மடக்கு நாற்காலி.
காபி உண்டு. ஆளுக்கு ஒரு பிஸ்கட்.
எடுத்ததும் டப்பாவை மூடிவிட்டார்கள்.

நடுமேசையில் இன்னும் பிறக்காத தெரு:
தீப்பெட்டி அளவில் தொண்ணூற்றாறு வீடுகள்,
கூரையெல்லாம் புல்,
பஞ்சில் செய்த மரங்கள்,
மழைநீர் தங்கக் கண்ணாடியில் ஒரு குளம்.
கார்கள் ஊரோரத்தோடு நின்றுவிட வேண்டும்.
பக்கத்தில் விரித்த வரைபடத்தைக் காட்டி,
"பிடித்த இடத்தில் பச்சைப் பொட்டு,
பிடிக்காத இடத்தில் சிவப்பு" என்றாள்
ரோட்டர்டாமிலிருந்து வந்த மிரெல்.

பால் லாரி ஓட்டும் ட்யெப்பே எழுந்தான்.
"அந்தப் புல்வெளி கடலைவிட எண்பது சென்டிமீட்டர் தாழ்வு.
குளத்தைக் கண்ணாடியில் செய்திருக்கிறீர்கள்.
கண்ணாடி வழியாது."
எழுதிக்கொண்டேன்.

பௌக்யே எழவில்லை, உட்கார்ந்தபடியே சொன்னாள்:
"என் மகனுக்கு வயது இருபத்தொன்பது.
எங்கள் கார் கொட்டகையின் மாடியில்
அவன் குழந்தை நடை பழகுகிறது,
எட்டடி போனால் சுவர்.
புல் கூரையோ பொன் கூரையோ,
வாடகையைச் சொல்லுங்கள்."

அது அடுத்த கட்டத்தில், என்றாள் மிரெல்.
அன்றிரவு அடுத்த கட்டம் என்று
பதினான்கு முறை எழுதினேன்.

பிறகு தபால்காரர் வீப்ரென்.
வசந்தம்தோறும் கழியும் நோட்டுமாகப் பறவைகளை எண்ணுபவர்.
"போன வருடம் அங்கே பதினொரு ஆள்காட்டிக் கூடு.
உங்கள் மேசையில் ஒன்றுகூட இல்லையே?"
"அவற்றுக்கு வடமேற்கில் மாற்று நிலம் ஒதுக்கியிருக்கிறோம்."
"அவற்றுக்குக் கடிதம் போட்டாகிவிட்டதா?
என் பையில் எதுவும் வரவில்லை."

கூடம் சிரித்தது.
சிரிப்பு என்று எழுதினேன்.
அதிகாரி எட்டிப் பார்த்து அடித்தார்.

எல்லாரும் எழுந்து பொட்டு வைத்தார்கள்.
கார் நிறுத்துமிடம் அம்மை போட்டதுபோல் சிவந்தது.
குளத்தின் மேல் பச்சை, அதன் மேல் சிவப்பு,
அதன் மேலும் பச்சை,
கடைசியில் தண்ணீரே தெரியவில்லை.
நிலத்தை விற்ற ஹாரிங் மட்டும்
பின்வரிசையில் கோட்டைக் கழற்றாமல் இருந்தார்.
கையில் கொடுத்த பொட்டுகள்
வியர்வையில் சுருண்டிருந்தன.

எனக்கு ஒன்று தெரியும்.
கழிவுநீர்க் குழாய்க்கு ஜனவரியிலேயே கையெழுத்தாகிவிட்டது.
கோப்பு என் அலமாரியில்,
இரண்டாம் தட்டில்.
மக்களைக் கேட்டோம் என்று முடிக்கச் சொல்கிறது படிவம்.
எந்தக் கேட்டோம்?
வாயால் கேட்டதா, காதால் கேட்டதா?
ஒரே சொல்தான் இரண்டுக்கும்.
எத்தனை வசதி.

நாற்காலிகளை அடுக்கும்போது
மிரெல் தபால்காரரின் கையைத் தொட்டு,
"எந்த மூலை? காட்டுங்களேன்" என்றாள்.

போனோம், மூன்று பேர்.
கார் விளக்கை அணைத்தோம்.
நகரத்துச் செருப்பு சேற்றில் மாட்டிக்கொள்ள
ஒற்றைக் காலில் நின்றாள் அவள்.
அப்போதுதான் கத்தியது,
ஆள் வந்தால் ஊரையே கூட்டும் அந்தப் பறவை,
எங்கள் தலைக்கு மேலே,
இருட்டைக் கிழித்துக் கிழித்து.

வீப்ரென் எதுவும் விளக்கவில்லை.
மிரெலும் அடுத்த கட்டம் என்று சொல்லவில்லை.
செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து கடைசி வரியைச் சேர்த்தேன்:
இரவு 10.40. கூடத்துக்கு வெளியே ஒரு குரல்.
பெயர் தரவில்லை. ஆட்சேபம் பதிவாகிறது.

அந்த வரியை இன்னும் யாரும் அடிக்கவில்லை.
ஒருவேளை, படிக்கவில்லை.