வெயில், அரை மணி

ஈரமண்ணை அடிவயிற்றில் அப்பியதும்
குளிரில் பல் கிட்டியது எனக்கு.
டாக்டர் ஜெசிந்தா தேதியைக் கேட்கவில்லை.
"ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுறீங்க?"

கோத்தகிரி டீ ஃபேக்டரியில்
கொழுந்து வாட்டும் தளத்தில் எனக்கு இரவு ஷிப்ட்.
விடிகாலையில் ஒரு பன், ஒரு டீ.
அதைச் சாப்பாடு என்று சொல்லலாமா?

நோட்டு ஒன்று போடச் சொன்னார்.
தூக்கம், பசி, யார்மேல் எப்போது கோபம்.
மாதவிலக்குக்குத் தனிக் கட்டம்,
நாலு மாதமாகக் காலி.
சும்மா விட மனசில்லாமல்
அதில் மழையை எழுதிவைத்தேன்:
திங்கள் தூறல். செவ்வாய் மூட்டம்.
புதனும் மூட்டம்.

படித்துச் சிரித்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார்.
தைராய்டு மாத்திரையை விட்டுவிடாதீங்க என்றார்.
சாமைக் கஞ்சி, எள், ஏழு மணி நேரத் தூக்கம்,
எல்லாவற்றுக்கும் கீழே பச்சை மையில்
பகல் வெயில், அரை மணி, தினமும்.

ஆடி மாசம்.
எந்த மெடிக்கலில் போய்க் கேட்பது?

சூப்பர்வைசர் மேசையில் சீட்டை வைத்தேன்.
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"லீவு லெட்டரா?"
"மருந்துச் சீட்டு சார்.
பகல் ஷிப்ட்லதான் கிடைக்குமாம்."

ஜன்னலில் எதிர்மலை கொஞ்சம் தெரிந்து
மறுபடி மூடிக்கொண்டது.
ரிஜிஸ்டரைத் திறந்தவர் பேனாவைத் தேடினார்.
என்னுடையதை நீட்டினேன்.