ஒன்று குறைவு

கிளாக்ஸ்விக் துறைமுகத்தில் மீன் உறைய வைக்கும் ஆலை.
மூன்றாம் கம்ப்ரஸரின் வயிற்றில்
நான்கு திருகாணி போட்ட தகடு.
அதில் 100160063.
அடித்தவனுக்கு அது வெறும் வரிசை எண்.
சுன்வாதான் குனிந்து பார்த்து
"இது பகா எண்ணா?" என்றாள்.
நான் வெப்பநிலை எழுதிக்கொண்டிருந்தேன்.
மைனஸ் இருபத்தெட்டு, என்றேன்.

அன்றிரவே சில கதவுகள் சாத்திக்கொண்டன.
ஒற்றைப்படை.
இலக்கங்களைக் கூட்டினால் பதினேழு, ஆகவே மூன்று தொடாது.
ஏழு போட்டாள், மீதி மூன்று.
பதின்மூன்றுக்கும் அதே மூன்று.
எட்டால் வகுத்தால் ஏழு மிஞ்சுகிறதாம்,
இரண்டு வர்க்கங்களைக் கூட்டி இதைக் கட்ட முடியாதாம்,
மூன்றும் போதாதாம்,
நான்கு வேண்டுமாம்.
"பிடிவாதக்காரன்" என்றாள்
தகட்டைக் கையுறையால் துடைத்து.

ஹானுஸ் கைபேசியை நீட்டினான். ஒரு நொடி வேலை.
"உனக்குப் பதில் அது சாப்பிடவும் செய்யுமா?"
பிறகு அவன் நீட்டவில்லை.

பதிவேட்டின் பின்பக்கங்கள் அவளுடையவை ஆயின.
இரவுக்குப் பத்து, பதினைந்து என்று ஓடிய பகா எண்கள்
நான்கிலக்கம் வந்ததும் இரவுக்கு ஒன்றாக நடந்தன.
கானாங்கெளுத்தி வந்தது. போனது.
மே மாதம் முழுக்க வேலைநிறுத்தம்.
ஹானுஸின் மகள் பிறந்து, நடந்து,
எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினாள்.
குளிர்காலப் பகல் ஐந்து மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.
வகுத்தல் தீரவில்லை.

வர்க்கமூலம் 10008-க்கு மயிரிழை முன்னால் நிற்கிறது.
ஆகவே 10007 வரை போனால் போதும்,
அதுவும் தோற்றால் பகா எண்தான்.
யாரும் பிரிக்காத ஒன்று
இந்த மீன் நாற்றத்துக்குள், எங்கள் கைக்கெட்டும் உயரத்தில்.

9949. மீதி 3480.
9967. மீதி 1680.
9973. மீதி 1224.
கடல் உள்வாங்குவது போல இருக்கிறதே, என்றேன்.
தற்செயல், என்றாள்.

மறுநாள் பாதாம் கேக்கோடு வந்தாள்.
வெட்டக் கத்தியும் கொண்டுவந்திருந்தாள்.
10007 போட்டாள்.
மீதி இல்லை.
ஈவு 10009.

இரண்டுமே பகா எண்கள்,
நடுவே ஒரே ஒரு வீடு தள்ளிக் குடியிருப்பவை.
நடு வீட்டின் வர்க்கம் 100160064.
"ஒன்றைக் கூட்டிப் பார்த்திருந்தால்
முதல் ராத்திரியே முடிந்திருக்கும்."
அவள் அழவில்லை, சிரிக்கவும் இல்லை.
பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினாள்.
3480 என்பது 59-இன் வர்க்கத்துக்கு ஒன்று குறைவு,
1680 என்பது 41-இன் வர்க்கத்துக்கு,
1224 என்பது 35-இன் வர்க்கத்துக்கு.
ஒவ்வோர் இரவும் அந்த ஒன்று
வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காத்திருந்திருக்கிறது.

பிறகு கடைசி வரியில் எழுதினாள்:
பகு எண்.
குறை எண். தன்னைத் தவிர்த்த வகுத்திகள் எல்லாம் கூடியும்
வெறும் 20017.

ஹானுஸ் கேக்கை நான்காக வெட்டிவிட்டான்.
நாங்கள் மூன்று பேர்.
மிஞ்சிய துண்டை அவள் கம்ப்ரஸரின் மேல் வைத்தாள்.
காலை ஷிஃப்ட்டுக்கு வந்தவன் அதை எடுத்துத் தின்றான்,
எதற்கென்று கேட்காமலே.