பச்சை முகம்

சென்னையிலிருந்து வந்த ரயிலில்
கட்டுப்போட்ட தலையைப் பார்த்து
ஆக்சிடெண்டா என்றார் டிக்கெட் பரிசோதகர்.
ஆமா சார், இருபத்தொன்பது வருசமாச்சு,
இப்பத்தான் ஆஸ்பத்திரி கெடைச்சது
என்றாள் ரொசாலி.
சிரித்தால் தையல் இழுக்கும் என்று
முதல் நாளே எச்சரித்திருந்தார் டாக்டர்.
ரொசாலியைப் பற்றி அவரிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

மண்டபத்தில் இறங்கினோம்.
நண்டுக் கம்பெனிக்குப் பின்னால்
ஒற்றை அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை.
மூன்று தலையணை அடுக்கி
உட்கார்ந்த வாக்கில் உறங்க வேண்டும்.
கரையில் இழுத்துப் போட்ட வள்ளம் மாதிரி
சாய்ந்தே கிடந்தேன்.

நெற்றி எலும்பைச் சீவி
தாடையின் இரு மூலையையும் ராவி
மூக்கை உடைத்து மறுபடி நிறுத்தி,
எழுதும்போது தச்சுவேலை போலிருக்கிறது.
வலிக்கும்போது அப்படி இல்லை.

விடியுமுன் பாத்திமுத்து
ஐஸ் கம்பெனி வாசலில்
பாளம் உடைக்கையில் சிதறியதை
வாளியில் அள்ளி வருவாள்.
விளைமீனோடு லாரி ஏற வேண்டிய குளிர்
என் கன்னத்தில் உருகியது.
துணியில் மீன்வாடையாம்.
மூக்கில் பஞ்சு இருந்ததால்
அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் கண்ணிரண்டும் மூடிக்கொண்டன.
வலையில ஏறுன பேத்தை மீன்டி நீ,
தொட்டா இன்னும் ஊதுவ.
இதுவும் ரொசாலிதான்.

சுவரில் இருந்த கண்ணாடியை
ஆணியோடு பிடுங்கிக்கொண்டு போனாள் செங்கமலி.
நிர்வாணத்துக்கு நாப்பது நாள் பாக்காம இருந்தோம்ல,
மூஞ்சிக்கும் அதே கணக்குதான்.
டாக்டர் கொடுத்த தாளில் அது இல்லையே என்றேன்.
அந்தத் தாள்ல நானுந்தான் இல்ல என்றாள்.

பால்சுறாவை அவித்துத் தோலுரித்து
உதிர்த்து, பூண்டு நசுக்கிப் போட்டு
கஞ்சியில் கரைத்து ஒரு கிண்ணம்.
பச்ச உடம்புக்காரிக்குக் குடுக்கிறது,
நல்லா பால் ஊறும்.
நான் என்னத்தப் பெத்தேன் பால் ஊற?
உதடு அசையாமல் கேட்டேன்.
பாத்திமுத்து கரண்டியைக் கீழே வைக்கவில்லை.
மூஞ்சி பெத்திருக்க.
தலைப்பிரசவம். வாயத் தெற.

எட்டாம் நாள் ராத்திரி கரண்ட் இல்லை.
ரொசாலி சீட்டெடுத்த பணமும் இந்த முகத்தில் இருக்கிறது.
அவள் தாடை என் பழைய தாடையைவிட அகலம்.
தினம் இருமுறை மழித்துவிட்டுத்தான்
ராமேஸ்வரம் பாசஞ்சரில் கைதட்டப் போகிறாள்.
உனக்கு, என்று வாயெடுத்தேன்.
இருட்டிலிருந்து அவளே சொன்னாள்:
எனக்கு ஆசையில்லன்னு சொல்லமாட்டேன்.
இந்த மூஞ்சியோட எனக்குச் சண்டையும் இல்ல.
ரெண்டும் நெசம். தூங்கு.
பாம்பன் பக்கம் ரயில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.
நான் தூங்கவில்லை.
அவளும்.

வீக்கம் வடிந்து
கருநீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி
கழுத்துவரை இறங்கியிருந்த ஒரு நாள்
போனை நேரே பிடித்தேன்.
திறக்கவில்லை.
மறுபடியும் பிடித்தேன்.
முகம் பொருந்தவில்லை என்றது.
செங்கமலி பிடுங்கிப் பார்த்தாள்.
ஏய், இதுக்கு இவளத் தெரியலயாம்டி!
மூன்று பேரும் போட்ட குலவையில்
நண்டு உடைக்கிற பெண்கள்
சுவருக்கு மேல் தலை நீட்டி
என்ன விசேசம் என்றார்கள்.
அன்றைக்குத் தையலை நினைக்காமல் சிரித்தேன்.

புருவத்திலிருந்து உச்சிவரை
இன்னும் மரத்தே கிடக்கிறது.
யாருடைய தோலையோ இரவல் போட்டதுபோல.
ஆறு மாதம் ஆகலாம், வருடம் ஆகலாம்,
உணர்ச்சி வராமலும் போகலாம்.
கச்சான் காற்று கூரையை உதறுகிறது.
கன்னத்துக்குத் தெரிகிறது,
காதுக்குத் தெரிகிறது,
நெற்றிக்கு மட்டும் காற்றே இல்லாத ஊர்.

இன்று மத்தியானம்
இடது புருவத்துக்கு மேல் ஏதோ ஊர்ந்தது.
எறும்பான்னு பாருடி என்றேன்.
வேலை முடிந்து வந்த பாத்திமுத்து
நண்டுவாடை விரலால் முகவாயைத் தூக்கி
வெளிச்சத்துக்குத் திருப்பி
வெகுநேரம் பார்த்தாள்.
ஒண்ணுமில்லயேடி.

இருக்கு என்றேன்.
இன்னும் ஊருது.