முக்கோணம்

மஞ்சக்குப்பம். ஒன்பது இஞ்ச் சுவர்.
மாடியில், சிப்காட் நைட் ஷிப்ட் முடித்து
என் வீட்டுக்காரர் தூங்குகிறார்.
கீழே, அந்தத் தூக்கத்தை இரண்டு ஜாக்கியில் நிறுத்திவிட்டு
செங்கல்லை ஒவ்வொன்றாய் உருவுகிறார் கொளஞ்சி.

"மொத்தச் செவுரும் எறங்காதும்மா.
எடுத்த எடத்துக்கு மேல ஒரு முக்கோணம்,
அது மட்டுந்தான் வுழப் பாக்கும்.
மிச்சம் ஒண்ணையொண்ணு புடிச்சிக்கும்."

நாலு தோளில் ஏறியது லிண்டல்.
இரு பக்கமும் ஆறு இஞ்ச் உட்கார,
அஞ்சலாட்சி இடுக்கில் ஓட்டுச் சில்லு செருகி
கலவையைக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

பதினோரு வருடமாய்
இந்த வீட்டில் எது எதைத் தாங்குகிறதென்று
ஒரு கணக்கு வைத்திருந்தேன்.
ஒரு முக்கோணம்தானா?

ஜாக்கியைக் கழற்றிய அன்று
ணக்கென்று ஒரு சத்தம்.
மேலே கட்டில் கிறீச்சிட்டு அடங்கியது.
கடை ஷட்டருக்கு
அளவு சொல்லிக்கொண்டிருந்தேன் நான்:
அஞ்சுக்கு ஏழு.