எட்டு வினாடி

இரண்டு கிலோ. சிவப்பு.
இன்ஜினுக்கு மேலேயே மாட்டச் சொன்னார் ஜெகபர் பாய்.
வீடு எரியும்போது சாவி உள்ளே இருந்தால் எப்படி, பாய்?
நடுப்பலகைக்குக் கீழே பட்டை போட்டு இறுக்கினேன்.
கும்பகோணத்திலிருந்து வருகிறவர்கள்
அதன் கழுத்தில் தயிர்சாதப் பையை மாட்டுவார்கள்.
"இதுல என்ன ஜூஸ்?" என்றான் ஒரு பொடியன்.

மாதம் பிறந்தால் கழற்றி, கவிழ்த்து
அடியில் நாலு தட்டு, ஒரு குலுக்கு.
படகின் அதிர்வில் உள்ளே மாவு இறுகிப்போகும்,
ஈரம் கண்ட கோலப்பொடி மாதிரி.
முள் பச்சையில்தான் நிற்கும். நின்று என்ன?
முருகையனுக்குச் சிரிப்பு:
"சுத்தி இம்புட்டுத் தண்ணி கெடக்கு,
நெருப்புக்கு இங்க என்னண்ணே வேல?"

ஆடிப்பெருக்கு கழிந்த ஞாயிறு.
கோரையாறு வாய் அகன்று லகூனில் விழும் இடம்.
ஒன்பது பேர்; அதில் தாலி ஏறி நாலு நாளான ஒரு ஜோடி.
பெட்ரோல் குழாய் எங்கோ வியர்த்திருக்கிறது.
மூக்குக்கு வந்த சேதி கைக்குப் போகுமுன்
மூடிக்குள் 'பொக்' என்றது.
அவ்வளவுதான் சத்தம்,
அப்பளம் உடைகிற அளவு.

சாவியை அணைத்தேன். குழாயைப் பிடுங்கினேன்.
அதற்குள் ஒருவர், சட்டைப்பையில் மூன்று பேனா,
இறைக்கிற டப்பாவில் தண்ணீர் மொண்டுவிட்டார்.
"ஊத்தாதீங்க!"
பெட்ரோல் தண்ணீர் மேல் ஏறி உட்காரும்,
உட்கார்ந்தபடி சேலைவரை வரும்,
இதையெல்லாம் விளக்க நேரமில்லை.
டப்பாவைத் தட்டிவிட்டேன்.

"முருகையா, அணியத்தச் சோழகத்துக்குத் திருப்பு!"
சிரித்தவன்தான்.
இடுப்பளவுத் தண்ணீரில் கழியை ஊன்றி
படகையே ஒரு கதவுபோலத் திருப்பினான்.
புகை எங்களை விட்டு
அலையாத்திப் பக்கம் போனது.

பின்னை இழுத்தேன்.
மூடியை முழுக்கத் திறக்கவில்லை,
தீக்குக் காற்று சோறு.
இரண்டு விரல் தூக்கி, மூக்கை நுழைத்து
சுடர் ஆடும் இடத்தை விட்டு
அது கிளம்பும் இடத்தில் அழுத்தினேன்.

எட்டு வினாடி.
அதில் ஒரு பீடிகூடப் பற்றவைக்க முடியாது
இந்தக் காற்றில்.
ஆறாவதில் தீ படுத்தது.
படுத்த தீயை நான் நம்புவதில்லை;
மிச்சம் இரண்டையும் அதன் மேலேயே போட்டேன்.

பிறகு எல்லாரும் வெள்ளை.
புதுப்பெண்ணின் புருவம், பின்னல், மஞ்சள் கயிறு.
மாப்பிள்ளை அவளைப் பார்த்தார்.
நாலு நாளில் நாற்பது வருஷம் பார்த்தவர்போல
எச்சில் விழுங்கினார்.
அவள்தான் முதலில் சிரித்தாள். அப்புறம் இருமினாள்.
மூன்று பேனாக்காரர் காலி டப்பாவை
துறைவரை மடியிலேயே வைத்திருந்தார்.

"பாதியாவது மிச்சம் பிடிச்சிருக்கலாமே" என்றார் பாய்.
ஒருதரம் அழுத்தினால் அதில் மிச்சம் கிடையாது, பாய்.
நிரம்பி வரும்வரை படகு கட்டியே கிடக்கும்.
பாய் முகம் இறுகிய மாவு. தட்டவில்லை நான்.

திங்கள் காலை திருத்துறைப்பூண்டி பஸ்.
மடியில் சிலிண்டர்.
கண்டக்டர் விரலால் சுண்டிப் பார்த்தார்:
"காலியா?"
"ஆமா."
"அப்ப லக்கேஜ் வேணாம்.
நெறஞ்சு வர்றப்பப் பாத்துக்கலாம்."