நான்குக்குக் கீழே

புரட்டாசி பிறக்க இன்னும் பத்து நாள்.
சாட்ஸ்வொர்த் கிளினிக்கின் பின்னறையில் பதினொரு பேர்:
நர்ஸ்கள், வீடு வீடாகப் போகும் பெண்கள்,
மருந்து எடுத்துக் கொடுக்கும் பையன் ப்ரெனோலன்.
வெளியே எவனோ ரேடியோவை அலறவிட்டு
கார் கழுவுகிறான்.

பலகையில் நான் எழுதியது ஒரே ஓர் எண்: 4.
இதற்குக் கீழே இறங்கினால்
ஆள் அந்த ஆளாக இருக்கமாட்டார்.

நடித்துக் காட்டச் சொன்னேன். நொண்டுமிசோ நோயாளி.
கை நடுங்கட்டும், வேர்க்கட்டும் என்றேன்.
அவள் அதெல்லாம் செய்யவில்லை.
நாற்காலியில் கோணலாகச் சரிந்து
"எனக்கு ஒண்ணுமில்ல, போ அப்பால" என்று
ப்ரெனோலனின் கையைத் தட்டிவிட்டாள்.
அறை சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.
"என் அண்ணன் இப்படித்தான்" என்றாள் ஸூலுவில்,
பிறகு எங்களுக்காக ஆங்கிலத்தில்.

எழுதிக்கொள்ளுங்கள்:
குடித்தவர் போல இருப்பார், சண்டைக்காரர் போல,
அசந்து தூங்குகிறவர் போலவும்.
உங்கள் கண்ணை நம்பாதீர்கள்,
விரல்நுனியில் ஒரு சொட்டு கேளுங்கள்.
தண்ணீரில் மூன்று கரண்டிச் சர்க்கரை,
கால்மணி நேரம், மறுபடி ஒரு சொட்டு,
அப்புறம் ரொட்டி.
நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்,
தேனானாலும், கோயில் தீர்த்தமானாலும்.

இதெல்லாம் கைப்பிரதியில் இருக்கிறது.
அதில் இல்லாத ஒன்று என் பையில் இருக்கிறது.

தயாளன் கோவெண்டரின் பச்சை அட்டை.
ஹிக்கின்சன் ஹைவேயில் பேருந்து ஓட்டியவர்.
நான்கு மாதமாக அவர் எண் இறங்கிக்கொண்டே வந்தது:
11, 8, 6, 4.3.
ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிவப்பு மசியில்
ஒரு நட்சத்திரம் வரைந்தேன்.
"வெரி குட், அங்கிள்" என்றேன்.
பள்ளிக்கூடப் பையன் மாதிரி அட்டையை மடித்துச்
சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

சாப்பிட்டீர்களா என்று நான் கேட்கவில்லை.

மாதக் கடைசி. சம்பளம் வர ஒன்பது நாள்.
வேலை போன மகன், அவனுக்கு இரண்டு பிள்ளைகள்.
தட்டை அவர்கள் பக்கம் தள்ளிவிட்டு
"எனக்குப் புரட்டாசி விரதம்" என்பாராம்,
ஜூன் மாதத்தில்.
ஊசியை மட்டும் தவறவிடவில்லை.
தவறவிடாதீர்கள் என்று சொன்னது யார்?
நான்தான். மூன்று மொழியில். போஸ்டரும் ஒட்டினேன்.

விடியுமுன் நாலரைக்கு டிப்போ வாசலில்
தலை தொங்க உட்கார்ந்திருந்தவரைக்
காவலாளி பார்த்திருக்கிறான்.
குடிபோதை என்று நினைத்து, குளிருக்குத்
தன் போர்வையைப் போர்த்திவிட்டுப் போயிருக்கிறான்.
நல்லவன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உயிரோடு இருக்கிறார்.
சாவி எதற்கு என்று பேத்தி சொல்லித்தர வேண்டியிருக்கிறது.
அட்டையை மகன்தான் கொண்டுவந்தான்.
ஒரு வார்த்தை பேசவில்லை. என் மேசைமேல்
நட்சத்திரங்கள் மேலே தெரியும்படி வைத்தான்.

அட்டை அறையைச் சுற்றி வந்தது.
ரேடியோ எப்போது நின்றதென்று தெரியவில்லை.
ப்ரெனோலன் தொண்டையைக் கனைத்தான்:
"ஊசியைக் குறைக்க வேண்டுமென்றால்
யாரைக் கேட்பது, சிஸ்டர்?
டாக்டர் வியாழக்கிழமைதானே வருகிறார்."

கைப்பிரதியைப் புரட்டினேன். பதில் இல்லை.
எழுந்துபோய்ப் பலகையில்
நான்குக்குக் கீழே
என் கைபேசி எண்ணை எழுதினேன்.
ராத்திரியானாலும் கூப்பிடுங்கள்.
யார் விரதம் என்று கேளுங்கள், ஏன் என்றும்,
அடுப்பில் என்ன இருக்கிறது என்றும்.

கடைசி இலக்கம் ஒன்றா ஏழா என்று
பின்வரிசையில் யாரோ கேட்டார்கள்.
ஏழு என்றேன்.
அழித்துவிட்டுத் தெளிவாக எழுதினேன்.